நான் எழுதாமல் விட்ட ஏழு வரிகள்

என் மகனுக்கு,

இந்தத் தாள்கள் உன் கையில் இருக்கின்றன என்றால், கறுப்புக் கோட்டின் இடது பக்க உள்துணியைப் பிரித்துவிட்டாய் என்று அர்த்தம். ஏடன் துறைமுகம் தாண்டிய பிறகுதான் பிரிக்க வேண்டும் என்று கொழும்பில் கப்பலடியில் வைத்து உன்னிடம் சொல்லியிருப்பேன். நீ அதுவரை பொறுத்திருந்தாயா என்பது உனக்கும் அந்தக் கோட்டுக்கும்தான் வெளிச்சம். சுடு பாண் மேசைக்கு வருமுன்பே மூலையைக் கிள்ளித் தின்கிற ஆள் நீ. பெட்டிக்குள் வைத்திருந்தால், ரயில் கடுகண்ணாவை மலையை இறங்குவதற்குள் வாசித்து முடித்திருப்பாய். அதனால்தான் தைத்தேன். சிவப்பு நூல் போட்டிருக்கிறேன், தேடிக் கண்டுபிடிக்கச் சிரமம் இராது. பிரித்த இடத்தைத் திரும்பத் தைக்க ஊசியும் கறுப்பு நூலும் உன் சவர்க்காரப் பெட்டிக்கு அடியில் இருக்கின்றன.

ஏன் இவ்வளவு தூரம் தள்ளிவைத்தேன் என்று கேட்பாய். இதைக் கண்டியில் வைத்து வாசித்தால் நீ போகாமல் நின்றுவிடுவாய் என்ற பயம் எனக்கு இல்லை. என் முகத்தைப் பார்க்காமல் போய்விடுவாய் என்ற பயம்தான். கப்பலில் ஏறி நின்று நீ என்னைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு சிரிப்பு எனக்கு வேண்டியிருக்கிறது. அதை உன்னை ஏமாற்றித்தான் வாங்கிக்கொள்ளப் போகிறேன். இதை முழுவதும் வாசித்த பிறகு நீ எனக்கு எழுதுவாயோ, எழுதாமலே இருந்துவிடுவாயோ, எனக்குத் தெரியாது. பெற்றவள் என்ற உரிமையில் எதையும் கேட்க மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் பள்ளிக்கூட மண்டபத்தில் உனக்குத் தேநீர் விருந்து வைத்தார்கள் அல்லவா. பங்குச் சுவாமி பேசினார். கணவனை இழந்த ஒருத்தி ஒரே பிள்ளையைக் கடல் கடந்து அனுப்புவது லேசான காரியமா என்று கேட்டு, என்னைக் கதிரையிலிருந்து எழுப்பி நிற்க வைத்தார். பிறகு நீ பேசினாய். "அம்மா ஒரு நாளும் என்னைத் தடுக்கல. போய்ட்டு வான்னு முதல்ல சொன்னதே அவங்கதான்" என்றாய். எல்லோரும் கை தட்டினார்கள். தெல்தோட்டையிலிருந்து வந்திருந்த உன் சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தட்டில் இருந்த வடையையே பார்த்துக்கொண்டு நின்றேன். தாழ்ச்சி என்று சுவாமி நினைத்திருப்பார். வெட்கம், மகனே. கோயில் வளவுக்குள் வைத்து உன்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டேன். அது பொய் என்று உனக்குத் தெரியவும் தெரியாது.

சீமையிலிருந்து வந்த துரையின் கடிதத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவரை உனக்குத் தெரியும். ஆனால் நான் அவரிடம் வேலைக்குப் போன கதையை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. உன் அப்பா தெல்தோட்டையில் கணக்கப்பிள்ளையாக இருந்து, காய்ச்சலில் போன பிறகு, உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு அம்பிட்டியவுக்கு வந்தேன். சிறு வயதில் கன்னியர் மடத்தில் கற்ற தையலும், கொஞ்சம் ஆங்கிலமும், அச்சடித்த மாதிரி ஒரு கையெழுத்தும்தான் என் கைமுதல். மடத்துச் சகோதரி ஒருவர்தான், பேராதனையில் பெரிய பூந்தோட்டத்தில், துரை மேசை போட்டு வேலை பார்க்கும் கந்தோரில் நூல் பிடிக்கத் தெரிந்த பெண் ஒருத்தி வேண்டுமாம் என்று அனுப்பினார். செடி வளர்க்கும் இடத்தில் தையலுக்கு என்ன வேலை என்று யோசித்துக்கொண்டேதான் பஸ் ஏறினேன். காட்டிலிருந்து துரை கொண்டுவரும் கிளைகளைத் தாள்களுக்கு நடுவில் அழுத்திக் காயவைத்து, காய்ந்ததை வெள்ளை அட்டையில் நூலால் தைத்து, மூலையில் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். எந்த மலையில், என்ன மரத்தடியில் எடுத்தது, பூ என்ன நிறத்தில் இருந்தது என்பதெல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். சீட்டு இல்லாத செடி மாட்டுக்குத்தான் என்பார் துரை.

முதல் வாரமே ஒரு தவறு செய்தேன். ஒரு கிளையில் இரண்டு இலைகள் பூச்சி அரித்து ஓட்டை ஓட்டையாக இருந்தன. பார்க்க அழகாக இருக்கட்டுமே என்று அந்த இரண்டையும் கத்தரித்துவிட்டுத் தைத்துக் கொடுத்தேன். துரைமார் தமிழ் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். தோட்டங்களில் பொறுக்கிய தமிழ், முழுக்க ஏவல்தான்: எடு, வை, வா, போ. அவர் தமிழும் அதுதான். ஆனால் சத்தம் போடவில்லை. குப்பைக் கூடையைத் தரையில் கவிழ்த்து, முழங்காலில் இருந்து தேடி, அந்த இரண்டு இலைகளையும் எடுத்து என் மேசையில் வைத்தார். "பூச்சி சாப்பிட்டா, பூச்சி சாப்பிட்ட மாதிரியே தை. அழகு வேணாம்" என்றார். இன்னொரு விதியும் சொன்னார். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு இலையையாவது புரட்டி, அடிப்பக்கம் தெரியும்படி தைக்க வேண்டுமாம். மேல்பக்கம் எல்லா இலையும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆளைக் காட்டிக்கொடுப்பது அடிப்பக்கம்தான் என்றார்.

கொஞ்ச நாள் போனதும் ஆங்கிலத்தில் பிளீஸ் என்பதற்குத் தமிழில் என்ன என்று என்னிடம் கேட்டார். தயவுசெய்து என்றேன். இத்தனை வருடம் இந்த ஊரில் இருக்கிறேன், யாரும் எனக்கு அதைச் சொல்லித்தரவில்லையே என்று ஆச்சரியப்பட்டார். துரைக்கு அந்தச் சொல் தேவைப்படும் என்று யார் கண்டார்கள்? அன்றிலிருந்து எதற்கெடுத்தாலும் அதுதான். தயவுசெய்து குடை எங்கே என்பார். கந்தோருக்குள் வரும் நாயைக்கூடத் தயவுசெய்து வெளியே போகச் சொல்வார். மற்றவர்கள் ஏய் என்று கூப்பிட்ட இடத்தில் அவர் என்னை அம்மா என்று கூப்பிட்டார். உன் அப்பா போன பிறகு என்னை ஒரு ஆளாக மதித்த முதல் மனிதர் அவர்தான், இதை நான் எந்த இடத்திலும் சொல்வேன்.

அவர் கையெழுத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கோழி கிளறிய முற்றம். மழையில் நின்று, அட்டை கடிக்கக் கடிக்க எழுதுகிற சீட்டுகள். கந்தோரில் பெரிய படிப்புப் படித்தவர்கள்கூட அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார்கள். என் வேலை அதைப் பிரதி எடுத்து, தெளிவான எழுத்தில் சீட்டாக்குவது. ஆரம்பத்தில் கோலம் போடுகிற மாதிரி பார்த்து வரைந்தேன். பிறகு கண் பழகிவிட்டது. பதினொரு வருடத்தில் அவர் ஒரு எழுத்தைத் தொடங்கும்போதே அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். கடைசியில் அவராலேயே தன் பழைய சீட்டுகளை வாசிக்க முடியாமல் என்னிடம் கொண்டுவருவார். "அம்மா, தயவுசெய்து, நான் என்ன எழுதினேன்?" என்று கேட்பார். நான் வாசித்தால் அதுதான் தீர்ப்பு. என்னைச் சரிபார்க்க உலகத்தில் வேறு ஆள் இல்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். கொழும்பில் படிப்பு முடியும் தறுவாயில், சீமைக்கு வந்து படிப்பது பற்றி யோசனை கேட்டு நீ அவருக்கு எழுதினாய். அவர் ஊர் திரும்பி அப்போது மூன்று வருடம். போன வருடம் சித்திரை விடுமுறைக்கு நீ வீட்டில் இருந்தபோது பதில் வந்தது. நான்கு தாள், இரண்டு பக்கமும். நீ எழுத்துக்கூட்டிப் பார்த்தாய், முதல் வரியைத் தாண்டவில்லை. சுவாமியிடம் கொண்டு போனாய். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இது ஆங்கிலம்தானா என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து, "நீங்கதான் வாசிக்கணும் அம்மா, இது உங்க துரை பாஷை" என்று என் மடியில் போட்டாய். மூன்றாம் தாளின் பின்பக்கத்தில் ஒரே ஒரு தமிழ்ச் சொல் இருந்ததைக் கண்டு, இது எதற்கு இங்கே என்று கேட்டாய். தயவுசெய்து என்ற சொல். அது அவருக்கு இருமல் மாதிரி, இடையிடையே வரும் என்று சொல்லிவிட்டேன். சீட்டு எழுதுவதுபோல் முழுவதையும் தெளிவாகப் பிரதி எடுத்துத் தருகிறேன் என்றேன். நீ டவுனுக்குப் போனாய். மத்தியானம் முழுக்க மழை. நான் மேசையில் உட்கார்ந்து எழுதினேன்.

உனக்குக் கொடுத்த பிரதியில் இருந்ததெல்லாம் அவர் எழுதியதுதான், ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை. கொழும்புத் தையல்காரனிடம் சூட் தைக்காதே, இங்கே வந்து கம்பளி வாங்கு. மார்கழியில் நாலு மணிக்கே இருட்டிவிடும், உடம்புக்கு ஏதோ என்று பயந்துவிடாதே. செடிகளின் பெயரை மனப்பாடம் செய்துகொண்டு வராதே, அதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. ஜெர்மன் மொழி வாசிக்கும் அளவுக்குப் படி. லத்தீன், பூசைக்கு உதவி செய்த பழக்கத்தில் உனக்குப் பாதி வந்திருக்கும். செடிகளின் லத்தீன் சுவாமிமாரின் லத்தீனைவிட லேசு, அதில் பாவத்தைப் பற்றிய பேச்சே இல்லை. பேராசிரியர் சொல்வது பிழை என்று பட்டால் செடியைக் கையில் வைத்துக்கொண்டு சொல், வெறுங்கையோடு சொல்லாதே. ஞாயிறுதோறும் அம்மாவுக்கு எழுது, என்ன சாப்பிட்டாய் என்பதை முதலில் எழுது. இந்த இடத்தை வாசித்து நீ சிரித்தாய். நானும் சிரித்தேன்.

ஆனால் மூன்றாம் தாளின் பின்பக்கத்தில் இருந்த ஏழு வரிகளை நான் எழுதவில்லை. செடிகளைக் காத்துவைக்கும் பெரிய கூடம் ஒன்றில் உனக்கு ஒரு இடம் பிடித்து வைத்திருப்பதாகவும், அது அந்த வருட ஒக்டோபருக்கு என்றும், தள்ளிப்போடாமல் வந்துவிடு என்றும் அதில் இருந்தது. அங்கே வந்ததும் பேனாவை வைத்துவிட்டேன். எழுந்து போய் உலை வைத்தேன். திரும்பி வந்து, அந்த ஏழு வரிகளைத் தாண்டி, நான்காம் தாளில் தொடங்கினேன். அவ்வளவுதான் நடந்தது. மூலக் கடிதத்தை அலுமாரியில் என் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

ஏன் செய்தேன் என்று எனக்கு நானே பல காரணங்கள் சொல்லிக்கொண்டேன். உன் அப்பாவின் நெஞ்சு உனக்கு, குளிர் ஆகாது என்றேன். தேயிலை விலை விழுந்து ஊரே தத்தளிக்கிறது, இப்போது போக வேண்டாம் என்றேன். எல்லாம் சாக்கு. எனக்கு நீ வீட்டில் வேண்டியிருந்தாய். சனிக்கிழமைகளில் நீ அந்தானை மலைக்குப் போய், தகரப் பெட்டி நிறையச் செடியும் கால் நிறைய அட்டைக் கடியுமாக வந்து நிற்பது வேண்டியிருந்தது. நான் ஒரு சுயநலக்காரி, மகனே. அதை இந்த வயதில் மெல்ல முடியாமல் மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

அவசரம் இல்லை என்று நினைத்துக்கொண்டு நீ கம்பளையில் பள்ளிக்கூட வேலைக்குப் போகவா என்று கேட்டாய். உன் இஷ்டம் தம்பி என்றேன். எவ்வளவு நல்ல தாய், பார். துரைக்கு நன்றி எழுதினாய். ஒக்டோபர் வந்தது, போனது. சனிக்கிழமைகளில் நீ வீட்டுக்கு வந்து தூங்கினாய். மலைக்குப் போகவில்லை. எதற்காக உன்னைப் பிடித்து வைத்தேனோ அது முதல் மூன்று மாதத்திலேயே போய்விட்டது.

தை மாதத்தில் ஒரு நாள் உன்னைப் பார்க்கக் கம்பளைக்கு வந்தேன், நினைவிருக்கிறதா? நீ தங்கியிருந்த வீட்டுக் குசினியில் உன் தகரப் பெட்டி தொங்கியது. திறந்து பார்த்தேன். உள்ளே கருவாடு. "தம்பி சும்மாதானே வச்சிருந்தாரு. மூடி நல்லா இறுகுது, பூனை தொடாது" என்றார் அந்த வீட்டம்மா. நான் உன்னைப் பார்த்தேன். "இருக்கட்டும் அம்மா. இனி எனக்கு எதுக்கு?" என்றாய். கோபத்தில் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நீ சாதாரணமாகச் சொன்னாய், பழைய செருப்பைக் கொடுத்துவிட்ட மாதிரி. இருபத்திரண்டு வயதுப் பிள்ளை வாயில் இனி எதுக்கு என்ற பேச்சை வைத்தது நான். திரும்பும் ரயிலில் பேராதனைச் சந்தியில் வண்டி நின்றபோது எனக்கு இறங்கத் துணிவு இருந்திருந்தால் அந்தக் கந்தோருக்கே போய் விழுந்து அழுதிருப்பேன்.

அடுத்த நாள் துரைக்கு எழுதினேன். என் வாழ்க்கையில் ஆங்கிலத்தில் எழுதிய முதல் கடிதம், அதற்கு முன் சீட்டு மட்டும்தான். சீட்டு மாதிரியே எழுதினேன்: எந்த நாள், எந்த இடம், என்ன செய்தேன். ஏழு வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. உனக்கு வந்தது தட்டச்சில், நீ தடையில்லாமல் வாசித்தாய்: இந்த வருடம் இடம் இருக்கிறது, வா என்று. அதிர்ஷ்டம் என்று குதித்தாய். எனக்கு வந்தது அவர் கையால் எழுதியது. எழுத்து பெரிதாகி, வரிகள் கீழ்நோக்கிச் சரிந்திருந்தன. பையன் எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லி ஒக்டோபரைப் பற்றி மட்டும் ஒன்றும் எழுதாதபோதே எனக்குத் தெரியும் என்று எழுதியிருந்தார். அந்த இடத்தை வேறொருவருக்கு ஒரு வருடத்துக்கு மட்டும் கொடுத்துவைத்து, கேட்டவர்களிடம் செடி இன்னும் காயவில்லை என்று சொன்னாராம். பையனிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள், எப்போது என்பதும் உங்கள் விருப்பம், நான் வாய் திறக்க மாட்டேன் என்றும் எழுதியிருந்தார். கடைசியில், பூதக்கண்ணாடியில் இப்போது எனக்கு ஒன்றும் தெரிவதில்லை, பையன் பார்த்துச் சொல்லட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன் என்று இரண்டு வரி. அவர் தன் கண்ணால் பார்த்து உனக்குக் காட்டித்தந்திருக்கக்கூடிய ஒரு வருடம், அதைத்தான் நான் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். நீ போகிறாய் என்பதால் நான் செய்தது இல்லை என்று ஆகிவிடாது.

ஆனாலும் நான் இதை அழுதுகொண்டு எழுதவில்லை. நன்றியோடு எழுதுகிறேன். கையில் நூலோடு வந்த ஒருத்தியிடம் தன் எழுத்தையெல்லாம் நம்பிக் கொடுத்தார் ஒரு மனிதர். அந்த நம்பிக்கையை நான் கெடுத்த பிறகும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் பொறுத்திருந்தார். பெற்றவர்கள், உடன்பிறந்தவர்கள்கூட இவ்வளவு செய்ய மாட்டார்கள். உனக்கும் நன்றி. அந்தக் கருவாட்டுப் பெட்டியை வாங்கிவந்து, மூன்று நாள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவினாயே, முற்றத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு. அதைப் பார்க்கக் கொடுத்துவைத்ததற்கு மாதாவுக்கும் நன்றி. இன்னும் கொஞ்சம் மணக்கிறது, அங்கே பூனை இருந்தால் கவனம்.

என் புத்தி என்று சொல்ல அதிகம் இல்லை. காலையில் வெறும் வயிற்றோடு வெளியே போகாதே. அங்கே யாரையாவது பிடித்துப்போனால் நீயே எனக்கு எழுது, சுவாமி மூலம் சொல்லியனுப்பாதே. உன்னை நேசிக்கிறவர்கள் சொல்வதைக் கேள், ஆனால் அதில் உனக்காகச் சொல்வது எவ்வளவு, தங்களுக்காகச் சொல்வது எவ்வளவு என்று ஒரு தடவை புரட்டிப் பார். நானும் இனி எதையும் விடாமல் எழுதுவேன், முழங்கால் வலி உட்பட.

துரையின் மூலக் கடிதத்தை இதோடு வைத்துத் தைத்திருக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் அடியில் பென்சிலால் தெளிவாக எழுதியிருக்கிறேன், இனி நீயே வாசிக்கலாம். நான் விட்ட அந்த ஏழு வரிகளைத் தமிழிலும் இங்கே தருகிறேன், பூச்சி அரித்தது அரித்தபடியே:

"செடிகளைக் காத்துவைக்கும் பெரிய கூடத்தில் உனக்கு ஒரு இடம் பிடித்து வைத்திருக்கிறேன், வருகிற ஒக்டோபருக்கு. ஒரு வருடம் பொறுத்து வரலாம் என்று உனக்குத் தோன்றும். உன்மேல் அன்புள்ளவர்களே அப்படிச் சொல்வார்கள். அப்படிப் பொறுத்தவர்கள் பலரை நான் அறிவேன். எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் இன்னும் பொறுத்துக்கொண்டே இருக்கிறார்கள். என் கண்கள் அவ்வளவு காலம் பொறுக்காது. அம்மா, இந்த எழுத்தை உங்களைத் தவிர வேறு யாராலும் வாசிக்க முடியாது. தயவுசெய்து, இதையும் அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள்."

அந்த ஒரு தமிழ்ச் சொல் உனக்கு எழுதியதல்ல மகனே, எனக்கு எழுதியது.

போய்ச் சேர்ந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போவாய். அவருக்கு நான் நேரில் சொல்ல வேண்டியது இதில் இருக்கிறது. அவர் இனி எதையும் வாசிக்க மாட்டார், அவர் தமிழும் இவ்வளவு தூரம் வராது. பக்கத்தில் உட்கார்ந்து இதை நீதான் ஆங்கிலத்தில் வாசித்துக் காட்ட வேண்டும். சரியாகத்தான் வாசிக்கிறாயா என்று பார்க்க அங்கே வேறு யாரும் இருக்க மாட்டார்கள். அம்மாவைப் பற்றி அம்மாவே கேவலமாக எழுதிய இடங்கள் வரும்போது, பாவம் என்று தாண்டிப் போகத் தோன்றும். உன் மனது எனக்குத் தெரியும்.

தயவுசெய்து, ஒரு வரியையும் விடாதே.

உன் அம்மா